ஒத்தப் பொண்ணு, ஆறு ஏக்கர் பூர்வீகம், கையெழுத்தாகாத இரண்டு பத்திரங்கள்: காங்கயம் பக்கத்து நிகழ்வு ஆய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரே குடும்பத்தின் கதை அல்ல. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த, ஒன்றுபோல் இருந்த சில கோப்புகளைச் சேர்த்து, ஊர், தொழில், அளவுகளை மாற்றி ஒரே நிகழ்வாக எழுதியிருக்கிறேன். சட்டத்தை மட்டும் எங்கும் மாற்றவில்லை. ஒரே மகள், சம்மதிக்காத அப்பா, சொத்துக்காக வந்ததாகச் சொல்லப்படும் பையன் என்று மூன்று பேர் வரும் வழக்குகளில் வக்கீலிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அவன் பணத்துக்குத்தானே வந்தான்?" இந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, யாருக்கு எது சொந்தம் என்று முதலில் எழுதிப் பார்த்தால் வழக்கின் முகமே மாறிவிடும் என்பதுதான் என் எண்ணம்.

குடும்பமும் சொத்தும்

தந்தைக்கு வயது 58. காங்கயத்துக்குத் தெற்கே ஒரு எண்ணெய் மில்லும், அதை ஒட்டிக் கொப்பரை காயப்போடும் களமும், பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்கால் பாயும் தென்னந்தோப்பும் அவருடையவை. வீட்டில் மனைவி, எண்பது வயதைத் தாண்டிய தாயார், ஒரே மகள். மகள் 1997-ல் பிறந்தவர். பி.காம். முடித்துத் திருப்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறார். வீட்டில் எல்லோரும் அவரை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார்கள். மில்லின் ஜிஎஸ்டி கணக்கைப் போடுவதும் அவர்தான். ஆனால் தன் குடும்பத்தின் மூலப்பத்திரங்களை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பீரோ சாவி அப்பாவிடம்.

அந்தப் பத்திரங்களைப் பிரித்துப் பார்த்தால் சொத்து மூன்று வகை. முதலாவது ஆறு ஏக்கர் தோட்டம். 1994-ல் அப்பாரும் (மகளின் தாத்தா) அவருடைய இரண்டு மகன்களும் பதிவு செய்த பாகப்பிரிவினையில் இளைய மகனான தந்தைக்கு வந்தது. இரண்டாவது, 2008-க்குப் பிறகு தந்தை கிரையம் வாங்கிய ஒன்பது ஏக்கர் தோப்பு, மில், களம். மூன்றாவது, தாயின் பெயரில் உள்ள வீடும் அவருடைய நகைகளும்.

கொங்கு நாட்டில் ஒத்தப் பொண்ணு என்றால் என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையோடு போதும் என்று நிறுத்திக்கொள்வது இங்கே ஒரு தலைமுறைக்கு மேலாக நடந்துவருகிறது. அதற்கு முன்னால் இந்த மண்டலத்தின் சில பகுதிகளில் பெண் குழந்தைகளைப் பிறந்ததுமே இழந்த கொடுமையும் உண்டு. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கியது. அந்தக் கொடுமையின் பலனாக இன்று முப்பத்தைந்து வயது வரை பெண் கிடைக்காமல் நிற்கும் பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பெண் கிடைப்பதே பாடு என்றிருக்கும் இடத்தில், கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத, தோப்பும் களமும் உள்ள பெண் என்றால் ஜாதகம் வெளியே போவதற்கு முன்பே தரகர்கள் வாசலில் நிற்பார்கள்.

பையன்

வெள்ளகோவில் பக்கத்துக்காரர், வயது 31. கொப்பரை வாங்கி விற்கும் கமிஷன் தொழில், சொந்தமாக ஒரு லாரி. சாதி ஒன்றே, கூட்டம் (சாதிக்குள் இருக்கும் குலப்பிரிவு) வேறு. அதாவது ஊர் வழக்கப்படி கட்டிக்கொள்ளத் தடை எதுவும் இல்லாத உறவு. மில்லுக்குக் கொப்பரை கொண்டுவந்து போட்ட பழக்கத்தில் 2022-ல் மகளோடு பேச்சு தொடங்கியது. ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குகளைப் போட்டுக் கொடுக்கச் சொல்லித் தன் வங்கி விவரங்களை எல்லாம் அவரிடமே கொடுத்திருந்தார். இது பின்னால் முக்கியமாகிறது.

2023 கொப்பரைக்காரர்களுக்கு மோசமான வருடம். அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 10,860 ரூபாய் ஆதரவு விலை வைத்தது. வெளிச்சந்தையோ அதற்கு வெகு கீழே கிடந்தது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அரசுக் கொள்முதலுக்குப் போட விவசாயியால் முடியும், வியாபாரியால் முடியாது. விலை ஏறும் என்று சரக்கைப் பிடித்து வைத்திருந்த பையன், கடைசியில் நட்டத்துக்குத்தான் விற்றார். லாரிக்குத் தவணை ஒருபக்கம், தனியார் பைனான்ஸ் வட்டி மறுபக்கம். கல்யாணப் பேச்சு வேகம் எடுத்தது அதே வருடக் கடைசியில்.

தந்தை விசாரித்தார். கொங்கு விசாரணை போலீஸ் விசாரணையைவிடத் துல்லியமானது. பைனான்ஸில் ஒரு வார்த்தை, சந்தையில் ஒரு வார்த்தை, மாமன் மச்சான் வழியில் ஒரு வார்த்தை என்று கேட்டால் ஒரு வாரத்தில் ஒருவரின் கடன் பாக்கி வரை கைக்கு வந்துவிடும். வந்த செய்தி நல்லதாக இல்லை. கடன் இருப்பது உறுதியானது. அதைவிட மோசமான இன்னொன்றும் தெரியவந்தது: இரண்டு வருடத்துக்கு முன் தாராபுரம் பக்கம் ஒரு பெண்ணோடு பேச்சு நிச்சயம் வரை போய், அந்தப் பெண் வீட்டு நிலம் வங்கி அடமானத்தில் இருப்பது தெரிந்ததும் பையன் வீட்டார் பின்வாங்கியிருக்கிறார்கள். மகளுக்கு இது தெரியாது.

இந்தத் தகவலைத் திரட்டிக்கொண்டு வந்தவர் யார் என்றும் கேட்டேன். தந்தையின் அண்ணன் மகன். பெண் வேறு கூட்டத்துக்குப் போனால் பூர்வீக மண்ணும் கூடவே போய்விடும் என்று வீட்டில் பேச்சு. அப்படிப் போகாமல் பங்காளி மகன் பெயருக்கே எழுதிவிடலாம் என்ற யோசனையும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. கொண்டுவந்த செய்தி பொய்யில்லை. ஆனால் சொத்தில் கண் வைத்தவர் இந்த வழக்கில் ஒரே ஒருவர்தான் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

வீட்டில் நடந்தது

தந்தை செய்தியை மகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனைப் பிடுங்கினார், வேலைக்குப் போக வேண்டாம் என்றார், பொள்ளாச்சியில் இருக்கும் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கே வைத்து ஒருநாள், "அவன் உன்னைப் பாத்து வர்லீங் கண்ணு, தோப்பைப் பாத்து வந்தவன். தோப்பு இல்லீன்னா உன்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்" என்று சொல்லியிருக்கிறார். மகள் என்னிடம் இதைச் சொன்னபோது, பையனைப் பற்றிச் சொன்னதாக அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தன்னைப் பற்றிச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் அப்பாவிடம் திருப்பிச் சொன்ன பதில் என் குறிப்பில் அப்படியே இருக்கிறது. "போன வருசம் நீங்க கூட்டிட்டு வந்த மூணு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களும் மொதல்ல களத்தையும் தோப்பையுந்தானுங்கப்பா சுத்திப் பாத்தாங்க. அப்பறந்தான் என்னைப் பாத்தாங்க."

எனக்கு இதற்கு மறுபேச்சு கிடைக்கவில்லை. ஏற்பாட்டுத் திருமணத்தில் "பொண்ணுக்கு எத்தனை ஏக்கர் வருமுங்க?" என்பது பெண் பார்க்க வரும் முன்பே கேட்கப்படும் கேள்வி. அதை யாரும் பேராசை என்று சொல்வதில்லை, விசாரணை என்கிறார்கள். அதே கேள்வியைத் தரகர் இல்லாமல் ஒருவன் மனதுக்குள் கேட்டால் அவன் சொத்துக்கு அலைபவன் ஆகிவிடுகிறான். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. கேட்டாலே குற்றம். கொங்குக் கல்யாணங்களில் அந்தச் சட்டத்தை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதி மாறிய காதல்களில் "சொத்துக்காக வந்தான்" என்ற சொல் வேறு வேலை செய்கிறது. அங்கே அது பெரும்பாலும் சாதியை வெளியே சொல்லக் கூசுபவர்கள் போட்டுக்கொள்ளும் போர்வை. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், நடுத்தெருவில் நடந்த, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட சங்கரின் படுகொலை இந்த மண்டலத்தில் யாருக்கும் மறந்திருக்காது. இந்த வழக்கில் இருவரும் ஒரே சாதி என்பதால்தான் பணத்தைப் பற்றிய குற்றச்சாட்டைப் பணத்தைப் பற்றியதாக மட்டும் வைத்து ஆராய முடிகிறது.

அத்தை வீட்டிலிருந்து மகள் ஒருநாள் காலை பஸ் ஏறித் திருப்பூர் வந்து ஹாஸ்டலில் சேர்ந்துகொண்டார். தந்தை காணவில்லை என்று புகார் கொடுத்தார். மகளிர் காவல் நிலையத்தில் பெண் நேரில் வந்து, வயது 26, சொந்த விருப்பத்தில் ஹாஸ்டலில் இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அதோடு புகார் முடிந்தது. வயது வந்தவர் யாரோடு வாழ்வது, எங்கே இருப்பது என்பது அவர் முடிவு என்று உச்ச நீதிமன்றம் 2006-லும் 2018-லும் தெளிவாகச் சொல்லியிருப்பதால் காவல் நிலையத்தில் பெரிய வாக்குவாதம் எதுவும் வரவில்லை.

இரண்டு வரைவுகள்

அவர் என்னிடம் வந்தது 2024 தொடக்கத்தில். கையில் இரண்டு பத்திர வரைவுகள்.

ஒன்று அப்பா தரப்பில் எழுதியது, விடுதலைப் பத்திரம். திருமணச் செலவுக்கும் நகைக்குமாக ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, குடும்பச் சொத்தில் தனக்குள்ள பாத்தியதை முழுவதையும் தந்தைக்கு விட்டுக்கொடுப்பதாக வாசகம். கையெழுத்துப் போட்டால் கல்யாணத்துக்குத் தடை சொல்வதில்லை என்று ஆள் மூலம் தகவல் வந்திருக்கிறது. அதாவது, "உனக்கு ஒண்ணுமில்லைன்னு ஆயிட்டா அவன் கட்டறானான்னு பாக்கலாம்" என்ற கணக்கு.

இன்னொன்று பையன் தரப்பில் எழுதியது, பொது அதிகாரப் பத்திரம். நம் ஊரில் 'பவர்' என்பார்கள். மகளுக்குப் பாத்தியப்பட்ட, இனி பாத்தியப்படக்கூடிய சொத்துகளை அடமானம் வைக்கவும் விற்கவும் கடன் வாங்கவும் பையனுக்கு அதிகாரம். தேதி போடும் இடம் காலியாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். 2023 ஜூலையிலிருந்து குடும்பத்தார் அல்லாதவருக்கு இப்படிப் பவர் கொடுத்தால் சொத்தின் சந்தை மதிப்பில் ஒரு சதவீதம் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். கல்யாணம் ஆகிவிட்டால் அவரும் குடும்பத்தார், அந்தக் கட்டணம் இல்லை. அந்த அளவுக்கு யாரோ கணக்குத் தெரிந்தவர் யோசனை சொல்லியிருக்கிறார்.

இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று கண்ணில் படும். இரண்டுமே அந்தப் பெண்ணின் கையெழுத்துக்கு விலை இருப்பதாக ஒப்புக்கொள்கின்றன. அவருக்கு ஒன்றுமே இல்லை என்றால் அப்பாவுக்கு விடுதலைப் பத்திரம் எதற்கு? பையனுக்குப் பவர் எதற்கு? "உனக்கு ஒரு சல்லிக்காசு தர மாட்டேன்" என்று மிரட்டியவரும், "எனக்கு உன் சொத்து எதுவும் வேண்டாம்" என்று சொன்னவரும், அவர் பெயரில் ஏதோ இருக்கிறது என்பதை அவரைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

எது யாருடையது

ஆறு ஏக்கரில் தொடங்குவோம். பூர்வீகம் என்று வாயால் சொல்வதெல்லாம் சட்டத்தில் பூர்வீகம் ஆகிவிடாது. 1956-க்குப் பிறகு ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, அவருடைய தனிச் சொத்து மகனுக்கு வாரிசாக வந்தால் அது மகனின் தனிச் சொத்து. பேரப்பிள்ளைக்கு அதில் பிறப்பால் உரிமை கிடையாது. நிறையப் பேர் தோற்கும் இடம் இது. இங்கே அப்படியில்லை. அப்பாரும் மகன்களும் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொண்ட பாகப்பிரிவினையில் தந்தைக்கு வந்த நிலம். அது அவர் கையில் இருந்தாலும் அவருடைய பிள்ளைக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு.

பெண் பிள்ளைக்குமா? தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே உண்டு. அன்றைக்குத் திருமணமாகாமல் இருந்த மகள்களுக்கும் அதற்குப் பிறகு பிறந்த மகள்களுக்கும் மகனைப் போலவே பங்கு என்று மாநிலத் திருத்தம் சொன்னது. 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியத் திருத்தம் திருமணமானவரா ஆகாதவரா என்ற வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. தந்தை 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தீர்த்துவைத்தது. வேண்டியதில்லை, மகளுக்கு உரிமை பிறப்பால் வருகிறது என்று சொன்னது. இந்த வழக்கில் தந்தை உயிரோடு இருப்பதால் அந்தக் கேள்வியே எழவில்லை. ஆறு ஏக்கரில் பங்குக்காரர்கள் தந்தையும் மகளும் மட்டும். ஆளுக்கு மூன்று ஏக்கர்.

பொள்ளாச்சி அத்தையை இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அவர் 1985-ல் கல்யாணமாகிப் போனவர். 1994 பாகப்பிரிவினையில் அவர் பெயரே இல்லை. 2005 சட்டம் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளைத் தொடாது என்பதால் இப்போதும் அவருக்கு வழி இல்லை. அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர் (மாப்பிள்ளையின் சகோதரியை முன்னிறுத்திச் செய்யும் கொங்குச் சடங்கு) செய்து, கூடப்பிறந்தவளின் உரிமையைச் சபையில் ஒப்புக்கொண்டார்கள். பத்திரத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணன் மகளை வீட்டுக்குள் பூட்டி வைக்கச் சொன்ன வேலையை அவர் அரை மனதோடு செய்ததற்கும், பஸ் காசு கொடுத்து அனுப்பியதற்கும் இதில் ஏதாவது காரணம் இருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்பது ஏக்கர் தோப்பும் மில்லும் களமும் தந்தையின் சுய சம்பாத்தியம் என்று அவர் சொல்கிறார். அப்படியானால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், கோயிலுக்குக்கூட எழுதலாம். மகள் கேட்க முடியாது. பூர்வீகத் தோட்டத்து வருமானத்தில்தான் தோப்பு வாங்கினார் என்று நிரூபித்தால் கதை மாறும். ஆனால் அதை நிரூபிப்பது மகளின் பாடு. பதினைந்து வருடத்து மில் கணக்கு இருக்கும்போது அது லேசில்லை. அதில் இறங்க வேண்டாம் என்று நான் சொன்னேன். உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மனைவி, மகள், அன்றைக்கு உயிரோடு இருந்தால் அவருடைய தாயார், மூவருக்கும் சம பங்கு. ஆத்தாவுக்கும் பங்கு உண்டு என்பது அந்த வீட்டில் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை.

தாயின் வீடும் நகையும் தாயுடையவை, அவ்வளவுதான்.

ஆக, தந்தையின் மிரட்டலில் பாதி வெற்று மிரட்டல். மூன்று ஏக்கரை மகள் கையெழுத்து இல்லாமல் அவரால் பங்காளி மகனுக்கு எழுத முடியாது. பையனின் நம்பிக்கையிலும் பாதி வெற்று நம்பிக்கை. தோப்பும் மில்லும் மகளுடையவை அல்ல, எப்போது ஆகும், ஆகுமா என்பதும் தந்தையின் கையில்.

கணவனுக்கு என்ன கிடைக்கும்

தந்தையின் பெரிய பயம் இது: "நாளைக்கு என்ற புள்ளைக்கு ஒண்ணுன்னா எல்லாம் அவனுக்குத்தானுங்களே?"

மனைவியின் சொத்தில் கணவனுக்கு அவர் உயிரோடு இருக்கும்வரை எந்த உரிமையும் இல்லை. நகை, சீர் எல்லாம் பெண்ணின் தனிச் சொத்து. 1985-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. 2024-ல் இன்னொரு தீர்ப்பில், கஷ்டத்துக்கு எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பிக் கொடுப்பது கணவனின் கடமை என்றும் சொன்னது.

இறப்புக்குப் பிறகுதான் சிக்கல். இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-வது பிரிவில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து, அந்தப் பெண் குழந்தை இல்லாமல், உயில் எழுதாமல் இறந்தால் கணவனுக்குப் போகாது, அவளுடைய தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பிவிடும். குழந்தை இருந்தால் குழந்தைகளும் கணவனும் சமமாகப் பெறுவார்கள். ஆனால் அதே சொத்தைத் தந்தை ஆசையாக மகளுக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால் அது வாரிசாக வந்ததாக ஆகாது. குழந்தை இல்லாமல் இறந்தாலும் கணவனுக்குப் போய்விடும். மாப்பிள்ளையை நம்பாத அப்பா பாசத்தில் அவசரப்பட்டு எழுதும் செட்டில்மென்ட்தான் மாப்பிள்ளைக்கு வழி திறந்துவிடுகிறது. இதைச் சொன்னபோது தந்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் என்னை எதிர்த்தரப்பு வக்கீலாகத்தான் பார்த்தார்.

இதற்கு வழிகள் உண்டு. மகளுக்கு ஆயுள்கால அனுபவ உரிமை, அவருக்குப் பின் அவர் குழந்தைகளுக்கு முழு உரிமை என்று எழுதலாம். 14-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அதைக் காப்பாற்றும். ஆனால் முழு உரிமையும் கொடுத்துவிட்டு "விற்கவே கூடாது" என்று ஒரு வரி சேர்த்தால் அந்த வரி செல்லாது. கிராமத்துப் பத்திர எழுத்தர்கள் இன்றும் அந்த வரியைச் சேர்க்கிறார்கள், அப்பாக்களும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எல்லாவற்றையும்விட எளிய வழி, பெண்ணே தன் சொத்துக்கு ஒரு உயில் எழுதிவைப்பது. இருபத்தாறு வயதில் உயிலா என்று வீட்டில் அபசகுனமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

உயிரோடு இருக்கும்போது சொத்து கைமாறும் வழிகள் மூன்று: பவர், ஜாமீன் கையெழுத்து, பத்திரத்தை வைத்து அடமானம். விவசாய நிலத்தை வங்கிகள் சர்ஃபேசி சட்டத்தில் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்கவிடும் கடன் வசூல் சட்டம்) நேரடியாக ஏலம் விட முடியாது என்பது ஒரு பாதுகாப்பு. தனியார் பைனான்ஸில் நிரப்பாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பவரைப் பதிவு செய்யாமல் இருந்தால் போதும் என்று நினைத்திருந்த மகளுக்கு, ஜாமீன் கையெழுத்துதான் உண்மையான கதவு என்பதை விளக்க வேண்டியிருந்தது.

சோதனை

தந்தை ஒரு யோசனை சொன்னார். "எல்லாத்தையும் கோயிலுக்கு எழுதி வெச்சுட்டன்னு சொல்லீரலாமுங்களா? ஓடுனான்னா தெரிஞ்சு போகுமுங்களே."

இந்தச் சோதனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பொறுமையுள்ள ஒருவன் இதில் சுலபமாகத் தேறிவிடுவான். ஒரே மகளை விட்டுவிட்டு எந்தக் கொங்குத் தகப்பனும் கோயிலுக்கு முழுதாக எழுத மாட்டான், பேரன் பிறந்தால் மனம் மாறும் என்று அவனுக்குத் தெரியும். உண்மையிலேயே ஆசை வைத்தவன் இந்த அவமானம் தாங்காமல் எழுந்து போகலாம். அதோடு, சோதனை நடத்துபவர் அப்பா, முடிவைப் படித்துச் சொல்பவரும் அப்பா. பெண் எங்கே?

மகளே வேறொன்று செய்தார். இரண்டு வரைவுகளிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இருவருக்கும் எழுத்தில் சொன்னார். பையனிடம் கூடுதலாக ஒன்று சொன்னார்: கல்யாணம் செய்துகொள்ளலாம், பதிவாளர் அலுவலகத்தில், சீர் இல்லாமல். என் சம்பளத்திலும் உன் வருமானத்திலும் குடும்பம். என் பங்கு நிலத்தில் பவர், ஜாமீன், அடமானம் மூன்றும் எப்போதும் கிடையாது.

பையன் ஓடவில்லை. சரி என்றார். தந்தையின் கணிப்பை வைத்துப் பார்த்தால் இது நடந்திருக்கக் கூடாது.

அப்புறம் கோரிக்கைகள் வர ஆரம்பித்தன. பவர் வேண்டாம், லாரி கடனை மாற்றி எழுத ஒரே ஒரு ஜாமீன் கையெழுத்து. அது முடியாது என்றால் நகையில் கொஞ்சம், ஆறு மாதத்தில் மீட்டுவிடலாம். பிறகு பையனின் அம்மா வந்து, "கட்டிக்கப் போறவனுக்குச் செய்யறதுல என்ன சாமி இருக்குது" என்றார். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். கடனில் இருப்பவர் நெருக்கமானவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பார்?

மகள் கணக்குப் பார்ப்பவர். கேட்ட தேதியை ஒரு பத்தியில், கேட்டது என்ன என்பதை அடுத்த பத்தியில் எழுதினார். மூன்றாவது பத்தியில், வரிக் கணக்குக்காகத் தன்னிடம் இருந்த பையனின் வங்கி விவரங்களிலிருந்து தவணைத் தேதிகளையும் பைனான்ஸ் கெடுவையும் போட்டார். அதற்கப்புறம் வாட்ஸாப்பில் கல்யாணப் பேச்சு வந்த நாள்களை நான்காவது பத்தியில் சேர்த்தார். கல்யாணத் தேதியைப் பற்றிய அவசரம் எல்லாம் தவணைக்கு முந்தைய வாரங்களில் வந்திருந்தது. நடுவில் ஒரு பெரிய கமிஷன் தொகை வந்த இரண்டு மாதம் கல்யாணப் பேச்சே இல்லை.

அந்தத் தாளை அவர் பையனிடம் நேராகக் காட்டினார். பையன் சொன்ன பதிலையும் பதிவு செய்ய வேண்டும். "நான் உங்கிட்ட கடனை ஒருநாளும் மறைக்கலை. எனக்கு நீயும் இந்தக் கடன்ல இருந்து வெளிய வாரதும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது." இதை நடிப்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தாராபுரத்துப் பேச்சைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. 2024 நடுவில் மகள் அந்த உறவை முடித்துக்கொண்டார். பையன் பின்னர் லாரியை விற்றுக் கடனில் பெரும்பகுதியை அடைத்தார். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

பாகப்பிரிவினை

செய்தி கேட்டதும் தந்தை ஹாஸ்டலுக்குப் போய், "நான் அப்பவே சொன்னனே" என்றார். இந்த நிகழ்வில் அவர் செய்ததிலேயே அதிக சேதம் விளைவித்தது அந்த மூன்று வார்த்தைகள்தான் என்று நினைக்கிறேன். சரியான தகவல் கையில் இருந்தும் மகளிடம் கொடுக்காமல், பூட்டி வைத்து, விலை பேசி, கடைசியில் அவரே கண்டுபிடித்த பிறகு பெயரைத் தட்டிக்கொள்ள வந்தார். மகள் வீட்டுக்குத் திரும்பவில்லை. மாறாக, ஆறு ஏக்கரில் தன் பங்கைப் பிரித்துக் கொடுக்கும்படி என் மூலம் நோட்டீஸ் அனுப்பினார்.

தந்தை அலுவலகத்துக்கு வந்தார், கோபத்தோடு அல்ல, குழப்பத்தோடு. "எனக்கு வேற யாரு இருக்கறாங்க? செட்டில்மென்டே எழுதிக் குடுத்துடறனுங்க, தோப்போட சேத்து." மகள் மறுத்தார். "குடுக்கறது வேண்டாமுங்கப்பா. இருக்கறதைப் பிரிச்சுக் குடுங்க, போதும்." ஒருவர் கொடுப்பதைப் பெற்றால் அடுத்த முறையும் கொடுப்பேன், கொடுக்க மாட்டேன் என்ற பேச்சு வரும் என்பது அவர் வாதம்.

நீதிமன்றம் போகவில்லை. சமரசமாகப் பேசி எழுதினோம். பெரிய விஷயங்களில் அரை நாளில் முடிவு வந்தது, சின்ன விஷயங்களில் மாதக்கணக்கில் இழுத்தது. கிணறு தந்தையின் பக்கத்தில் விழுந்தது. மகளின் மூன்று ஏக்கருக்கு அதில் பாதி உரிமையும், மோட்டார் ஓட்ட முறை வைத்துத் தண்ணீரும். இலவச மின் இணைப்பு தந்தை பெயரில் இருப்பதால் அது யாருக்கு என்று ஒரு பேச்சு. ரோட்டிலிருந்து மகளின் நிலத்துக்கு வண்டி போகும் தடம் எத்தனை அடி என்பதில் தந்தை பன்னிரண்டு என்றார், மகள் பதினாறு என்றார். தேங்காய் ஏற்றும் லாரி திரும்ப வேண்டும் என்று சொல்லிப் பதினாறே எழுத வைத்தார். பங்காளி மகன் ஒருமுறை வந்து பூர்வீக மண் கூட்டத்தைவிட்டுப் போகிறது என்று பேசிப் பார்த்தார். அதற்குப் பதில் சொன்னது ஆத்தா: "அவளும் இந்த ஊட்டுலதான்டா பொறந்தா."

குடும்பத்தாருக்குள் பாகப்பிரிவினைக்கு ஒரு பங்குக்கு முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். 2025 தொடக்கத்தில் பதிவு முடிந்தது. சர்வேயர் அளந்து, உட்பிரிவு செய்து, மூன்று ஏக்கருக்கும் மகள் பெயரில் தனிப் பட்டா வந்தது. அதே மாதம் அவர் உயில் ஒன்றும் எழுதினார், நிலம் தாய்க்கு.

தோப்பு, மில், களம் இன்னும் தந்தை பெயரில்தான். அவர் உயில் எழுதினாரா என்று மகள் கேட்பதில்லை. மில் கணக்கை இப்போதும் அவர்தான் பார்க்கிறார், மாதச் சம்பளத்துக்கு. தன் மூன்று ஏக்கரைத் தந்தைக்கே வருடக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். முதல் வருடம் தந்தை சொன்ன தொகைக்கே ஒப்புக்கொண்டார். 2024 கடைசியிலிருந்து தேங்காய், கொப்பரை விலை ஏறிவிட்டதால் இந்த வருடம் குத்தகையைக் கூட்ட வேண்டும் என்று, விலைப் பட்டியலை இணைத்து எழுத்தில் கேட்டிருக்கிறார். தந்தை இன்னும் பதில் சொல்லவில்லை.